மலை ரயிலும் சொட்டு மருந்தும்

ஓய்வு பெற்றபின் ஊர் சுற்றுகிறவர்களை நான் இரண்டு கட்சியாகப் பிரிப்பேன். முதல் கட்சி, பத்து நாளில் பதினெட்டு ஊர் என்று அச்சடித்துக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, விடிகாலை நாலு மணிக்குக் குளித்துவிட்டு, பஸ்ஸில் ஏறித் தூங்குகிறவர்கள். இரண்டாவது கட்சி, ஒரே ஊருக்குப் போய், ஒரே அறையில் மூன்று ராத்திரி தங்கி, தெருமுனை டீக்கடைக்காரர் "சர்க்கரை கம்மிதானுங்களே?" என்று தானாகக் கேட்கும் வரை அங்கேயே இருந்துவிட்டு வருகிறவர்கள். நானும் என் வீட்டம்மாவும் இரண்டாவது கட்சி.

வேலையில் இருந்த காலத்தில் நாங்கள் பயணமே போகவில்லை என்று சொல்ல முடியாது. நிறையப் போனோம். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பதினாறாம் நாள் காரியம், குலதெய்வத்துக்கு முடி இறக்குவது. போகிற இடமெல்லாம் யாரோ ஒருவர் வீடு. இறங்கியதும் அவள் நேரே சமையலறைக்குப் போய்விடுவாள். ஊர் எப்படி இருந்தது என்று திரும்பி வந்து கேட்டால், அந்த வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் அடுப்படிப் புகையைப் பற்றியும்தான் சொல்வாள். எனக்குக் கருவூலத்தில் உத்தியோகம். மார்ச் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தால் பாட்டி வீடு. அப்படியே முப்பத்து நாலு வருடம் ஓடி, 2013இல், 58 வயதில், மாலையும் சந்தன மாலையுமாக வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

2016இல் அவளுக்குக் கண்ணாடி மாற்றப் போனோம். இடது தோளைக் கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்வாள். அடுப்புக்கு இடப்பக்கம் வைத்த டபரா தட்டித் தட்டிக் கீழே விழும். வயசாகிறது, பவர் கூடியிருக்கும் என்றுதான் போனது. டாக்டர் சோதித்துவிட்டு, கிளாக்கோமா என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் நோய் இது. வலி இல்லாமலே வருவதுதான் அதிகம். முதலில் போவது ஓரப் பார்வை. எதிரே இருப்பது நன்றாகத் தெரிந்துகொண்டே இருப்பதால், குறைகிறது என்று நோயாளிக்கே ரொம்ப நாள் தெரியாது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேளை தவறாமல் சொட்டு மருந்து போட வேண்டும், அவ்வளவுதான். நாற்பது வயது தாண்டியவர்கள் கண்ணாடிக் கடையோடு நிறுத்திக்கொள்ளாமல், கண் டாக்டரிடம் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்காக நின்றோம். அழுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் எதிர்ச்சுவரில் இருந்த சினிமா போஸ்டரைப் பார்த்தபடி, "ஏங்க, ஊட்டி ரயில்ல ஒரு தடவை போகணும்" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில், இன்ன ஊருக்குப் போகணும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

கேட்டது என்னவோ ஊட்டி ரயில். ஆனால் ஒத்திகை போல முதலில் பக்கத்து ஊர்களில் ஆரம்பித்தோம். தரங்கம்பாடிக்குப் போய், 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்தோம். அங்கே ஒரு அலை வந்து அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கொண்டு போய்விட்டது. "டென்மார்க்குக்குப் போகட்டும்" என்று மற்றதையும் கழற்றி மணலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். பிறகு கொரோனா வந்தது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நின்றுபோனது. எங்கள் பயணமும் நின்றது. சொட்டு மருந்து மட்டும் நிற்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், மாசி மாதத்தில், கடைசியாக டிக்கெட் கிடைத்தது. மகன் ராத்திரி கண் விழித்துக் கம்ப்யூட்டரில் பிடித்துக் கொடுத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, முதல் வகுப்பு. மலை ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். அதனால் முன்னால் இருக்கும் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்தால், பாதை நேராக நம்மை நோக்கி வருவதைப் பார்க்கலாம்.

வண்டி காலை 7.10க்குப் புறப்படும். முதல் நாளே திருச்சியிலிருந்து பஸ்ஸில் கோவை, அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் மேட்டுப்பாளையம் என்று போய்ச் சேர்ந்தோம். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜ். அறை சுத்தமாக இருந்தது. ஆனால் ஃபிரிட்ஜ் கிடையாது, வெயிலும் சூடுதான். அவளுக்கு இரண்டு மருந்து. ஒன்று காலையும் இரவும், இன்னொன்று இரவு மட்டும். ஒன்றை 25 டிகிரிக்கு மேல் சூடு படாமல் வைக்கச் சொல்லியிருந்தார்கள். தவறிவிடக் கூடாது என்று இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைத்திருப்பாள். இரவு மருந்து போட்டு முடித்ததும் டப்பாவைக் கீழே வரவேற்பறைப் பையனிடம் கொடுத்தோம். அவன் அதைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜுக்குள் மேல் தட்டில் பத்திரமாக வைத்தான்.

காலை ஆறு மணிக்குப் பையும் குடையுமாகக் கீழே வந்தால், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பூட்டுத் தொங்குகிறது.

"ராத்திரி பாட்டில் காணாமப் போவுதுங்கன்னு மேனேஜர் பூட்டிட்டுப் போயிருவாருங்க" என்றான் பையன். ராத்திரி நாங்கள் பார்த்த பையன் இல்லை, இவன் வேறு.

"சாவி?"

"அவருகிட்டத்தானுங்க. அவரு வூடு காரமடைங்க."

போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டான். மறுபடியும் சுவிட்ச் ஆஃப். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆரஞ்சு நிற பாட்டில்களுக்கு நடுவே எங்கள் டப்பா நன்றாகத் தெரிந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம். யார்மேல் குற்றம் சொல்வது? பையன் வைத்ததும் சரி, மேனேஜர் பூட்டியதும் சரி, நாம் கொடுத்ததும் சரி. எல்லோரும் சரியாகச் செய்தே காரியம் கெட்டுப் போவது பயணத்தில்தான் நடக்கும்.

மணி 6.30. பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து வந்தான்.

"உடைச்சுப் போடட்டுங்களாம்மா?"

"வேண்டாம் தம்பி. உனக்கு வேலை போயிடும்" என்றாள்.

எனக்கு அப்போது ரயில் நினைப்பே இல்லை. டாக்டர் சொன்ன "வேளை தவறாமல்" மட்டும்தான் காதில் இருந்தது. "டிக்கெட் போனால் போகட்டும். கடை திறந்ததும் புதுசா வாங்கிப் போட்டுட்டு பஸ்ஸிலே போவோம்" என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க, கண்ணுக்கு மருந்து போடறது எதுக்கு? பார்க்கத்தானே? வாங்க. குன்னூர்ல கடை இருக்கும்."

மருந்துச் சீட்டு பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். 6.50க்கு ஸ்டேஷனில் இருந்தோம்.

இந்தப் பாதை 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் ஊட்டி வரையிலும் திறக்கப்பட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 208 வளைவு. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. கல்லாரில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் பல்லாக வெட்டிய இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. செங்குத்தான இடத்தில் 12 அடி நகர்ந்தால் ஒரு அடி உயரும். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் பால்காரர் இதைவிட வேகமாகப் போவார். ஆனால் அந்த வேகம் அவளுக்குச் சரியாக இருந்தது. வேகமாக ஓடும் வண்டியில் பக்கத்தில் வருவதைக் கண்ணில் பிடிப்பதற்குள் அது போய்விடுகிறது என்பாள். இங்கே ஒரு மரத்தைத் தலையைத் திருப்பி அடியிலிருந்து நுனி வரை பார்த்து முடித்த பிறகுதான் அது நகர்ந்தது.

முதல் சுரங்கம் வந்தது. பின்பெட்டிகளிலிருந்து குழந்தைகள் "ஓ"வென்று கத்தினார்கள். குழந்தைகளோடு சேர்ந்து பெரியவர்களும் கத்தினார்கள். நல்ல இருட்டு. எதிரே, தூரத்தில், சுரங்கத்தின் வாய் ஒரு சின்ன வெளிச்ச வட்டமாகத் தெரிந்தது. வட்டத்துக்குள் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் வானம், தண்டவாளம்.

என் கையை அவள் தொட்டாள். "இப்படித்தாங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு இப்படித்தான் தெரியுது. சுத்தி இருட்டா இருக்காது, வெறுமனே ஒண்ணும் இருக்காது. ஆனா அளவு கிட்டத்தட்ட இதுதான். இன்னும் கொஞ்சம் பெரிசு."

ஏழு வருடமாக ஆஸ்பத்திரியில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி வைத்த தாளைக் கொடுக்கிறார்கள். அதை ஃபைலில் தேதி வாரியாக வைத்திருக்கிறேன். கருவூலத்துக்காரன் அல்லவா, தாளை வாசிக்கத் தெரியும். ஆனால் அவள் எதைப் பார்க்கிறாள் என்பது அந்த இருட்டில்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்லப் பெரிதாகி, வெளிச்சம் முகத்தில் விழுந்து, இரண்டு பக்கமும் மலை விரிந்தது. எனக்கு விரிந்தது. அவள் இடது பக்கம் தலையைத் திருப்பி, பிறகு வலது பக்கம் திருப்பி, துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சேர்த்து முடித்ததும் சிரித்தாள். அப்புறம் ஒவ்வொரு சுரங்கத்தையும் எண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி டீ குடித்தோம். அவள் திருச்சியிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துப் பிரித்தாள். அவளுக்குத் தெரியாத இடப்பக்கத்திலிருந்து ஒரு குரங்கு வந்து, அவசரமே இல்லாமல், கல்யாணப் பந்தியில் இலையை எடுப்பது போலப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்து வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றைக் கீழே கொட்டியது.

"உப்பு கம்மி போலிருக்கு" என்றாள் வீட்டம்மா.

பத்தரை மணிக்குக் குன்னூர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மருந்துக் கடையைத் தேடிப் போனோம். காலை மருந்து இருந்தது. இரவு மருந்தை ஊட்டியிலிருந்து நாலு மணிக்குள் வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். சொன்னபடி வரவழைத்தும் கொடுத்தார். கடை வாசல் பெஞ்சில் அவளை உட்கார வைத்து, முகத்தை நிமிர்த்தி, கண்ணுக்கு ஒரு சொட்டு. கண்ணை மூடியபடி அவள் உட்கார்ந்திருக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். மணி 10.50. வழக்கமான நேரத்தைவிட நாலு மணி நேரம் தாமதம் என்று என் டைரியில் எழுதியிருக்கிறேன்.

குன்னூரில் மூன்று நாள். தங்கிய இடத்தில் வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை வரும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். ஆறு முதல் எட்டு வரை குழாயில் காற்றுதான் வந்தது. எட்டேகாலுக்கு, நாங்கள் பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கிக்கொண்டிருந்தபோது, கொதிக்கக் கொதிக்க வந்தது. வீணாக்குவானேன் என்று அவள் துணி துவைத்தாள். அந்த ஈரப் புடவை மூன்று நாளும் காயவில்லை. ஈரத்தோடேயே திருச்சிக்கு வந்தது.

சிம்ஸ் பூங்காவுக்குப் போனோம். 1874இல் உருவான தோட்டம். சரிவான இடம், நிறையப் படிகள். படி அவளுக்குச் சிக்கல். எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. அதனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் "படி... படி... தரை" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். எங்கள் ஊரில், எங்கள் வயதுக்காரர்கள், கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் கை கோத்து நடந்ததில்லை. அவர் முன்னால், அம்மா பத்தடி பின்னால், அதுதான் வழக்கம். இங்கே இரண்டு மணி நேரம் கையைப் பிடித்தபடி நடந்தோம். தரை சமமான இடத்திலும் அவள் கையை விடவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. எதிரே வந்த கல்லூரிப் பெண்கள் எங்களைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண் தானாக வந்து, "தாத்தா, உங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தரட்டுமா?" என்று என் போனை வாங்கி எடுத்துக் கொடுத்தாள். அறைக்கு வந்து பார்த்தால், படத்தில் பாதி அந்தப் பெண்ணின் விரல். மீதிப் பாதியில் நாங்கள் இருவரும் தலை இல்லாமல், கையை மட்டும் கோத்துக்கொண்டு நிற்கிறோம். அழித்துவிடலாம் என்றேன். "அப்படியே இருக்கட்டும்" என்று விட்டாள்.

சாயங்காலங்களில் டீக்கடையில் வர்க்கியும் டீயும். தேநீரில் முக்கினால் விழுந்துவிடும், முக்காமல் கடித்தால் சட்டையெல்லாம் தூள். இரண்டையும் இரண்டு நாள் செய்து பார்த்தோம். கிளம்புகிற அன்று அவள் மூன்று கிலோ கேரட் வாங்கினாள். இலையோடு, மண்ணோடு இருந்தது. அதை நான்தான் தூக்கினேன். ஊர் வந்து காந்தி மார்க்கெட்டில் விசாரித்தால், அதே ஊட்டிக் கேரட் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவு. "இது நாம தூக்கிட்டு வந்தது. ருசியே வேற" என்று சாதித்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, லாட்ஜில் எட்டிப் பார்த்தோம். மேனேஜர் எழுந்து ஓடி வந்தார். அன்று போனில் சார்ஜ் இல்லையாம். ஃபிரிட்ஜின் மேல் தட்டில் எங்கள் டப்பா. அதன்மேல் "மருந்து, யாரும் தொடக் கூடாது" என்று சீட்டு ஒட்டியிருந்தது. "மூணு நாளா சில்லுன்னே வெச்சிருக்கறனுங்கம்மா" என்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். சாவி இப்போது மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அந்தக் காலைப் பையன் ஓரமாக நின்று சிரித்தான். அவள் பையைத் திறந்து அவன் கையில் நாலு கேரட் கொடுத்தாள்.

அடுத்த மாதம் பரிசோதனை. அழுத்தம் 15. கறுப்புப் புள்ளித் தாளும் போன தடவை போலவே இருந்தது. கூடவில்லை. ஒரு வேளையாவது மருந்து விட்டுப்போனதா என்று டாக்டர் கேட்டார். "ஒரு வேளை லேட்டாச்சு டாக்டர். ரயில்ல போயிட்டிருந்தேன்" என்றாள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. அவர் சிரித்துக்கொண்டே, இனிமேல் ஒன்றுக்கு இரண்டு புட்டியாக வாங்கி வேறு வேறு பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது அப்படித்தான் செய்கிறோம். வாயகன்ற பழைய ஃபிளாஸ்க்கும் ஒன்று கூட வருகிறது. அதற்குப் பூட்டு கிடையாது.

2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலம் திறந்தார்களே, கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புமாமே, அதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். எனக்கு ஒரு சந்தேகம். நாம் போகிற அன்றைக்குக் கப்பல் வருமா?

"வராட்டி என்னங்க. கடல் இருக்குமில்ல? நேரா பார்த்தாலே தெரியும்."

டிக்கெட் போட்டாகிவிட்டது. வரும் மாதம் மூன்று ராத்திரி, ஒரே அறை. ஃபிரிட்ஜ் இருக்கிறதா, சாவி யாரிடம் என்று இரண்டையும் போனிலேயே கேட்டு வைத்திருக்கிறேன்.